மணிக்கு எத்தனை டாலர் என்பது பாதிக் கணக்குதான்

2023 மார்ச் 21 முதல் 23 வரை மூன்று நாட்கள் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் அரசுப் பள்ளிகளில் வகுப்புகள் நடக்கவில்லை. வேலைநிறுத்தத்தை அறிவித்தது எஸ்.இ.ஐ.யு. லோக்கல் 99 என்ற தொழிற்சங்கம். பேருந்து ஓட்டுநர்கள், சமையற்கூடப் பணியாளர்கள், தூய்மைப் பணியாளர்கள், சிறப்புக் கல்வி உதவியாளர்கள் என ஏறத்தாழ 30,000 பேர் அதில் உறுப்பினர்கள். ஆசிரியர் சங்கமும் அவர்களுக்கு ஆதரவாகக் களத்தில் இறங்கியது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். அந்த நாட்களில் சங்கம் திரும்பத் திரும்பச் சொன்ன எண் 25,000 டாலர். அதுதான் உறுப்பினர்களின் சராசரி ஆண்டு வருமானம்.

இந்தப் பள்ளிகளை நடத்தும் அமைப்பான லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் 2014-இல் இதே சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்திருந்தது. 2016-க்குள் எந்த ஊழியருக்கும் மணிக்கு 15 டாலருக்குக் குறைவாகத் தருவதில்லை என்பது அதன் சாரம். நாடெங்கும் ‘15 டாலர்’ முழக்கம் எழுந்துகொண்டிருந்த நேரத்தில் அது பெரிய வெற்றி. மணிக்கு 15 டாலர் வீதம் ஆண்டு முழுவதும் முழுநேரம் உழைத்தால் 31,200 டாலர் கிடைக்க வேண்டும். குறைந்தபட்ச ஊதியமே 15 டாலர் என்றாகி ஏழு ஆண்டுகள் கழித்து, சராசரி வருமானம் எப்படி 25,000-இல் நின்றது?

இந்தக் கேள்விக்கான விடை பள்ளி வேலையின் கட்டமைப்பிலேயே இருக்கிறது. வாழ்வூதியம் என்பது பிறர் உதவியின்றி வாழப் போதுமான ஊதியம். இந்தக் கட்டமைப்பைப் புரிந்துகொள்ளாமல் நிறைவேற்றப்படும் வாழ்வூதியத் தீர்மானங்கள் ஏட்டளவில் நின்றுவிடுகின்றன.

2,080 மணி நேரமும் 1,080 மணி நேரமும்

அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது பெரும்பாலும் தனி அரசு அமைப்பு. தேர்தலில் வெல்லும் குழு, சொந்த வரவுசெலவுத் திட்டம், சொந்த ஊழியர்கள் எல்லாம் அதற்கு உண்டு. நகர மன்றம் இயற்றும் வாழ்வூதியச் சட்டம் பெரும்பாலும் பள்ளி மாவட்டத்தைக் கட்டுப்படுத்தாது. பள்ளிக் குழு தானாகத் தீர்மானம் போட வேண்டும், அல்லது சங்கத்தோடு ஒப்பந்தம் செய்ய வேண்டும்.

தீர்மானத்தில் எந்த எண்ணை எழுதுவது என்று வரும்போது பலர் நாடுவது எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் வாழ்வூதியக் கணிப்பானை. பேராசிரியர் ஏமி கிளாஸ்மையர் உருவாக்கியது. உணவு, வாடகை, குழந்தைப் பராமரிப்பு, மருத்துவம், போக்குவரத்து, வரி ஆகியவற்றைக் கவுண்டி எனும் நிர்வாகப் பகுதிவாரியாகக் கூட்டி, ஒரு குடும்பம் பிறர் உதவியின்றி வாழ மணிக்கு எவ்வளவு தேவை என்று அது சொல்கிறது. ஓட்டல் சாப்பாடு, விடுமுறைப் பயணம், சேமிப்பு எதுவும் அதில் கிடையாது. மிகச் சிக்கனமான கணக்குதான்.

அந்தக் கணக்குக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது. வேலை செய்பவர் வாரம் 40 மணி நேரம், ஆண்டுக்கு 52 வாரம், ஆக 2,080 மணி நேரம் உழைக்கிறார் என்பதே அது. பள்ளி சமையற்கூடத்தில் தினம் 6 மணி நேர வேலையில் இருப்பவரை எடுத்துக்கொள்வோம். கலிஃபோர்னியாவில் பள்ளி நடக்கும் நாட்கள் 180. ஆறு மணி வீதம் 180 நாள் என்றால் 1,080 மணி நேரம். அவருக்கு மணிக்கணக்கில் வாழ்வூதியத்தை முழுதாகக் கொடுத்தாலும் ஆண்டு முடிவில் கையில் சேர்வது வாழ்வூதியத்தில் 52 சதவீதம்தான். மூன்று மணி நேர வேலை என்றால் அதில் பாதி, 26 சதவீதம்.

2023 வேலைநிறுத்தம் முடிந்து கையெழுத்தான ஒப்பந்தம் குறைந்தபட்ச ஊதியத்தை 22.52 டாலருக்கு உயர்த்தியது. 2021 ஜூலையிலிருந்து முன்தேதியிட்டு 6 சதவீதம், 2022-க்கு 7, 2023-க்கு 7, பிறகு 2024 ஜனவரியில் எல்லாருக்கும் மணிக்கு 2 டாலர் என்று படிப்படியாகக் கூட்டினார்கள். சராசரி ஆண்டு வருமானம் 33,000 டாலரைத் தொடும் என்று மதிப்பிட்டார்கள். மதிக்கத்தக்க உயர்வு. ஆனாலும் 22.52 டாலர் வாங்குபவர் 2,080 மணி உழைத்தால் 46,841 டாலர் கிடைக்கும். 1,080 மணி உழைத்தால் 24,321 டாலர்தான். ஊதிய விகிதம் ஒன்றே, வருமானம் இருவேறு.

ஏன் ஆறு மணி நேரம் மூன்றாகிறது

வேலை நேரம் தற்செயலாகக் குறைவாக இருப்பதில்லை. அதற்குப் பின்னால் மருத்துவக் காப்பீடு இருக்கிறது. வாரத்துக்குச் சராசரியாக 30 மணி நேரம் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஊழியருக்குப் பெரிய நிறுவனங்கள் காப்பீடு அளிக்க வேண்டும் என்கிறது ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். கோடை விடுமுறையைச் சேர்த்துச் சராசரியைக் கீழே இறக்கும் தந்திரம் பள்ளிகளுக்குச் செல்லாது. கல்வி நிறுவனங்களுக்கென்றே தனி விதி போட்டு அதை அடைத்துவிட்டார்கள். எனவே வாராந்தர நேரத்திலேயே கை வைப்பது வழக்கமானது. வகுப்பறை உதவியாளர் வேலைகள் 29 மணி நேரம், 27.5 மணி நேரம் என்று விளம்பரமாவதன் காரணம் இதுவே.

நிதி அதிகாரியின் இடத்தில் நின்று பார்த்தால் இதன் இழுப்பு தெரியும். நிறுவனங்கள் வழியான குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டு பிரீமியம் 2024-இல் 25,572 டாலர் என்று மருத்துவக் கொள்கை ஆய்வு அமைப்பான கே.எஃப்.எஃப். சொல்கிறது. மேலே பார்த்த ஆறு மணி நேர ஊழியரின் முழு ஆண்டுச் சம்பளத்தைவிட அது அதிகம். ஒருவருக்கு ஆறு மணி நேரம் கொடுத்துக் காப்பீடும் கொடுப்பதற்குப் பதில் இருவருக்கு மூன்று மூன்று மணி கொடுத்தால் அந்தச் செலவே இல்லை. மணிநேர ஊதியத்தை மட்டும் உயர்த்தி, நேரத்தைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரியும் எழுதாமல் விட்டால் இந்த இழுப்பு இன்னும் வலுக்கிறது. லாஸ் ஏஞ்சலஸின் 2023 ஒப்பந்தத்தில் ஊதிய உயர்வைவிட நாங்கள் முக்கியமாகக் கருதுவது, தினம் நான்கு மணி நேரம் அல்லது மேல் வேலை செய்யும் உதவியாளர்களுக்கும் மாலைநேரத் திட்டப் பணியாளர்களுக்கும் குடும்பத்தோடு சேர்த்துக் காப்பீடு என்ற விதியைத்தான். நேரத்தை வெட்டுவதால் கிடைக்கும் லாபத்தை அது பெருமளவு அகற்றுகிறது.

ஓய்வூதியத்திலும் இப்படி ஒரு கோடு உண்டு. கலிஃபோர்னியாவின் அரசு ஊழியர் ஓய்வூதிய அமைப்பான கால்பெர்ஸில் சேர அரைநேர வேலை (வாரத்துக்குச் சராசரி 20 மணி) அல்லது நிதியாண்டில் 1,000 மணி நேரம் தேவை. தினம் மூன்றரை மணி நேரம் என்றால் வாரத்துக்கு 17.5 மணி, 180 நாளுக்கு 630 மணி. இரண்டு அளவையும் அது எட்டாது. நாளுக்கு அரை மணி நேரம் கூடக்குறைய வைத்து ஒருவரின் முதுமையையே மாற்றிவிடலாம்.

பேருந்து ஓட்டுநர்களின் நிலை இன்னும் சிக்கலானது. காலையில் இரண்டரை மணி நேர வேலை, பிற்பகலில் இரண்டரை மணி நேர வேலை. நடுவில் நான்கைந்து மணி நேரம் சம்பளம் இல்லாத இடைவெளி. அந்த இடைவெளியில் வேறு வேலை அமைவது அரிது. பள்ளிப் பேருந்து ஓட்ட வணிக வாகன உரிமமும் அதன்மேல் பயணிகள், பள்ளிப் பேருந்து என இரண்டு கூடுதல் அனுமதிகளும் வேண்டும். உரிமம் கையில் இருப்பவரை லாரி நிறுவனங்கள் முழுநேரத்துக்கு அழைக்கின்றன. கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் ஓட்டுநர் பற்றாக்குறையைச் சமாளிக்க வழித்தடங்களைக் குறைத்து மாற்றி அமைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 9, பள்ளி திறந்த முதல் நாளன்று, கடைசிக் குழந்தை வீடு சேர்ந்தபோது இரவு பத்து மணி நெருங்கியிருந்தது. பள்ளிகளைப் பல நாள் மூட வேண்டியதாயிற்று. ஓட்டுநர்களுக்குப் பயன்படும் விதி ‘உத்தரவாத நேரம்’: வழித்தடம் எவ்வளவு சிறிதானாலும் நாளுக்கு ஆறு மணி நேரச் சம்பளம் உறுதி. நடுப்பகலில் அவர்களுக்குச் சுற்றுலாப் பயணங்கள், வண்டிப் பராமரிப்பு, மதிய உணவுக் கண்காணிப்பு என்று வேலை தரலாம்.

பிறகு கோடை. அமெரிக்காவில் வேலை இழந்தவருக்கு வேலையின்மைப் படி உண்டு. ஆனால் பள்ளி ஊழியருக்கு அடுத்த கல்வியாண்டில் வேலை உண்டு என்ற ‘நியாயமான உறுதி’ இருந்தால் பெரும்பாலான மாநிலங்களில் கோடையில் அந்தப் படி கிடையாது. ஆசிரியர் அல்லாத ஊழியர்களுக்கு இப்படி மறுக்கக் கூட்டாட்சிச் சட்டம் மாநிலங்களுக்கு இடம் தருகிறது. ஜூன், ஜூலை, சில இடங்களில் ஆகஸ்ட் பாதி வரை வருமானம் பூஜ்யம். மின்னசோட்டா 2023-இல் சட்டம் மாற்றி, மணிநேர ஊதியம் பெறும் பள்ளி ஊழியர்களுக்குக் கோடையிலும் படி கிடைக்க வழி செய்தது. கலிஃபோர்னியாவில் வேறு ஏற்பாடு: ஊழியர் மாதந்தோறும் ஒதுக்கும் தொகைக்கு மாநிலம் டாலருக்கு ஒரு டாலர் வரை சேர்த்துக் கோடையில் கொடுக்கிறது. ஆனால் அவரவர் மாவட்டம் அதில் சேர்ந்தால்தான் உண்டு. பத்து மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பிரித்துத் தருவதையும் சில மாவட்டங்கள் சலுகைபோலச் சொல்வதுண்டு. மாதாந்தரத் தொகை சுருங்குகிறதே தவிர ஒரு டாலர்கூடக் கூடுவதில்லை.

ஒரு டாலர் உயர்வின் விலை

பள்ளிக் குழுவின் முன் வரும் செலவு மதிப்பீடுகளில் அதிகம் விடுபடுவது சம்பளத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் செலவு. கலிஃபோர்னியாவில் ஆசிரியர் அல்லாத ஊழியருக்கு ஒரு டாலர் கூட்டினால், சமூகப் பாதுகாப்பு எனும் கூட்டாட்சி ஓய்வூதியத் திட்டத்துக்கும் மெடிகேர் எனும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கும் மாவட்டம் 7.65 சதவீதம் கட்ட வேண்டும். கால்பெர்ஸுக்கு 2024-25-இல் 27.05 சதவீதம். விபத்துக் காப்பீடு தனி. ஆக ஒரு டாலர் உயர்வுக்கு மாவட்டம் சுமார் 1.35 டாலர் செலவிடுகிறது. 1,000 பேர், ஆளுக்கு 1,080 மணி, மணிக்கு 4 டாலர் உயர்வு என்றால் ஊதியம் மட்டும் 43.2 லட்சம் டாலர். உண்மைச் செலவு 58 லட்சத்துக்கு மேல். இதைத் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. பிறகு தெரியவந்தால் திட்டமே நம்பிக்கை இழக்கும்.

அடுத்தது சம்பளப் படிகள் நசுங்குவது. 17 டாலர் வாங்கியவரை 22-க்கு உயர்த்தினால், பதினைந்து ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு 22.50-ஐ எட்டிய தலைமைத் தூய்மைப் பணியாளருக்குப் புதிதாகச் சேர்ந்தவரைவிட ஐம்பது சென்ட்தான் அதிகம். யாரும் மேற்பார்வைப் பதவிக்கு வர விரும்பமாட்டார்கள். எனவே அடித்தளத்துக்கு மேலே உள்ள இரண்டு மூன்று படிகளையும் சேர்த்து உயர்த்த வேண்டும். அதற்கான பணம் முதல் மதிப்பீட்டில் இருப்பது அபூர்வம்.

பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். உணவுப் பணியாளர்களின் சம்பளம் உணவுக்கென்றே உள்ள தனி நிதியிலிருந்து வருகிறது. கூட்டாட்சி அரசும் மாநிலமும் ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று தருவதே அதன் வரவு. ஊதியம் உயர்ந்து அந்த நிதி பற்றாமல் போனால் பொது நிதி ஈடுகட்ட வேண்டும். கொரோனா கால நிவாரணப் பணத்தில் நிரந்தர உயர்வு கொடுத்த மாவட்டங்கள் 2024 செப்டம்பரோடு அந்தப் பணம் முடிந்ததும் திணறின. ஒருமுறை வரும் பணத்தை ஊக்கத்தொகைக்குப் பயன்படுத்தலாம். மணிநேர ஊதியத்தில் வைக்கக் கூடாது. கலிஃபோர்னியாவில் எந்தச் சங்க ஒப்பந்தத்துக்கும் ஒப்புதல் தருமுன் நடப்பாண்டு, பின்வரும் ஆண்டுகளுக்கான செலவைப் பொதுக் கூட்டத்தில் வெளியிட வேண்டும் என்ற விதி உண்டு. ஊழியர் தரப்பிலும் யாராவது அந்தத் தாளை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

15 டாலர் ஒப்பந்தம் தேய்ந்துபோன விதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 2014-இல் அது கையெழுத்தானபோது கலிஃபோர்னியாவின் குறைந்தபட்ச ஊதியம் 9 டாலர். இடைவெளி 6 டாலர். 2022 ஜனவரியில் மாநிலக் குறைந்தபட்சம் 15 டாலர் ஆனது. பெரும் போராட்டத்தில் வென்ற எண்ணும் சட்டத்தின் அடித்தளமும் ஒன்றாகிவிட்டன. ஆண்டுதோறும் விலைவாசிக் குறியீட்டோடு தானாக உயரும் என்ற ஒரே வாக்கியம் இதைத் தடுத்திருக்கும். தொகையைவிட அந்த வாக்கியத்துக்காகப் போராடுவது நீண்ட காலத்தில் கூடுதல் பலன் தரும்.

ஒப்பந்ததாரர் வழியே வருபவர்கள்

இதுவரை பேசியது மாவட்டத்தின் நேரடி ஊழியர்கள் பற்றி. பல மாவட்டங்களில் பேருந்து, சமையல், துப்புரவு, காவல், அண்மைக்காலமாக வகுப்பறை உதவியாளர் பணிகூடத் தனியார் நிறுவனங்களிடம் இருக்கிறது. அதே பள்ளி, அதே பிள்ளைகள், அதே துடைப்பம். சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர். வெளியே கொடுப்பதால் மாவட்டம் மிச்சப்படுத்துவது பெரும்பாலும் நிர்வாகத் திறமையால் அல்ல. 27 சதவீத ஓய்வூதியப் பங்களிப்பும் மருத்துவக் காப்பீடும் இல்லாமல் போவதே மிச்சம். மிச்சிகனில் ஆசிரியர் அல்லாத பணிகள் அலையலையாகத் தனியார் கைக்குப் போனதற்கு ஓய்வூதியச் செலவு ஒரு முக்கியக் காரணம்.

வாழ்வூதிய இயக்கமே ஒப்பந்தத் தொழிலாளர்களிடமிருந்துதான் தொடங்கியது. பால்டிமோர் நகரில் இலவச உணவு வழங்கிய தேவாலயங்கள் தங்கள் வரிசையில் நிற்பவர்களில் பலர் வேலையில் இருப்பவர்கள் என்று கவனித்தன. 1994 டிசம்பரில் அந்நகரம் தன் ஒப்பந்ததாரர்களுக்கு 6.10 டாலரில் தொடங்கி 7.70 வரை படிப்படியாக உயரும் ஊதியத்தைக் கட்டாயமாக்கியது. கூட்டாட்சிக் குறைந்தபட்சம் அப்போது 4.25. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1997-இல் இரண்டு விகிதம் வைத்தது: காப்பீடு தருபவர் 7.25, தராதவர் 8.50. இந்த இரட்டை விகிதம் இன்றும் நல்ல முன்மாதிரி. ஒரே விகிதம் மட்டும் இருந்தால் ஒப்பந்ததாரர் காப்பீட்டை நிறுத்தி அந்தப் பணத்திலேயே ஊதிய உயர்வைக் கொடுத்துவிடுவார்.

பள்ளி மாவட்டம் இதைச் செய்யும்போது முதல் தடை டெண்டர் விதி. தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்றால், நியாயமாகச் சம்பளம் தரும் நிறுவனம் ஒவ்வொரு முறையும் தோற்கும். எனவே ஊதியத் தொகை ஒப்பந்தப்புள்ளி கோரும் ஆவணத்திலேயே, எல்லாருக்கும் பொதுவான நிபந்தனையாக இருக்க வேண்டும். அப்போது போட்டி ஊதியத்தில் நடக்காது. நிர்வாகச் செலவிலும் லாபத்திலும்தான் நடக்கும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விடுவது பெரிய பிழை. பள்ளி உணவு ஒப்பந்தங்கள் கூட்டாட்சி விதிப்படி ஓராண்டுக்கானவை. ஓராண்டு வீதம் நான்கு முறை நீட்டிக்கலாம். நடுவில் விலையைக் கணிசமாக மாற்றும் நிபந்தனையைச் சேர்த்தால் புதிதாக டெண்டர் விட வேண்டிவரும். அதாவது ஒருமுறை தவறவிட்டால் ஐந்தாண்டு வரை காத்திருக்கலாம்.

இரண்டாவது, விலை முறை. ஒரு சாப்பாட்டுக்கு, ஒரு சதுர அடிக்கு இவ்வளவு என்று நிலையான விலை இருந்தால், ஊதியம் உயரும் ஒவ்வொரு முறையும் ஒப்பந்ததாரர் ஆட்களையோ நேரத்தையோ குறைப்பார். சிகாகோ மாவட்டம் 2014-இல் துப்புரவை அராமார்க், சொடெக்ஸோமேஜிக் நிறுவனங்களிடம் கொடுத்தபோது பள்ளி முதல்வர்களிடமிருந்து எழுந்த புகார்கள் அழுக்கைப் பற்றியவை. ஆட்குறைப்பும் அவற்றோடு சேர்ந்தே பேசப்பட்டது. ஊதிய விதியோடு ‘இந்தக் கட்டடத்துக்கு நாளுக்கு இத்தனை உழைப்பு மணி’ என்பதையும் எழுதாவிட்டால் விதி பாதிதான் வேலை செய்யும்.

துணை ஒப்பந்ததாரர், ஆள் அனுப்பும் ஏஜென்சி, பகரமாக வருபவர் எல்லாரையும் பெயர் சொல்லி உள்ளடக்க வேண்டும். நிறுவனம் மாறும்போது பழைய தொழிலாளர்களைக் குறிப்பிட்ட காலம் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் தேவை. கலிஃபோர்னியாவில் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு மாநிலச் சட்டமே 60 நாள் தருகிறது. அந்த மாநிலத்தின் கல்விச் சட்டம் 2003 முதல் இன்னொரு வலுவான தடையையும் வைத்திருக்கிறது: குறைந்த சம்பளத்தால் மட்டுமே மிச்சம் கிடைக்கும் என்றால் ஆசிரியர் அல்லாத பணியை வெளியே கொடுக்க முடியாது, ஒப்பந்ததாரரின் ஊதியம் மாவட்ட ஊதியத்தைக் கீழறுக்கவும் கூடாது. மாநிலச் சட்டம் இல்லாத இடத்தில் இதே வரிகளைப் பள்ளிக் குழு தன் கொள்கையாக நிறைவேற்றலாம்.

கண்காணிப்பில் வேலைக்கு ஆகாதது ஒப்பந்ததாரர் ஆண்டுக்கொரு முறை கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழிக் கடிதம். பலன் தருவது சம்பளக் காலம்தோறும் சான்றளிக்கப்பட்ட ஊதியப் பதிவேட்டைக் கேட்டு வாங்குவது, அதைப் பள்ளியின் வருகைப் பதிவோடு ஒப்பிடுவது, தொழிலாளர்களை மேலாளர் இல்லாத இடத்தில் அவர்கள் மொழியில் கேட்பது, குறை கண்டால் அடுத்த பில்லிலிருந்து பிடித்து நேரடியாகத் தொழிலாளருக்குக் கொடுப்பது. அடிக்கடி காணப்படும் மீறல் மணிநேர விகிதத்தில் இருக்காது. பள்ளி தொடங்குமுன் வந்து அடுப்பு பற்றவைக்கும் இருபது நிமிடம், வண்டியைச் சரிபார்க்கும் பதினைந்து நிமிடம், பிள்ளையின் பெற்றோருக்காகக் காத்திருக்கும் நேரம் இவையெல்லாம் பதிவேட்டில் ஏறாமல் போவதே அது.

பணம் அளவாகத்தான் இருந்தால்

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்யும் நிதி எந்த மாவட்டத்திடமும் இல்லை. அப்படியானால் மணிநேர விகிதத்தில் கடைசி இரண்டு டாலரைத் துரத்துவதற்கு முன் வேலைகளை ஒன்றுசேர்ப்பதே சரி என்பது எங்கள் நிலைப்பாடு. மூன்று மணி நேரச் சமையற்கூட வேலை, ஒன்றரை மணி நேர மதியக் கண்காணிப்பு, இரண்டரை மணி நேர மாலைத் திட்டம். இவை மூன்றும் ஒரே பள்ளியில் மூன்று பேரிடம் இருக்கின்றன. ஒருவருக்கே கொடுத்தால் ஏழு மணி நேர வேலை, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றும் கிடைக்கும். ஏற்கெனவே இருக்கும் மற்ற இருவரை வெளியேற்றாமல், இடம் காலியாகும்போதெல்லாம் சேர்த்துக்கொண்டே போகலாம்.

தடைகள் காகிதத்தில்தான் இருக்கின்றன. ஆனால் அவை மெய்யானவை. மூன்று பணிக்கும் மூன்று நிதி. எனவே நேரத்தாளில் மணிக்கணக்கைப் பிரித்து எழுதியாக வேண்டும், இல்லாவிட்டால் உணவு நிதித் தணிக்கையில் மாட்டும். பணிகள் வெவ்வேறு சங்கப் பிரிவில் இருந்தால் இரு சங்கங்களும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே மாவட்டத்தில் செய்யும் எல்லா வேலையையும் கூட்டியே கூடுதல் நேரம் கணக்கிடப்படும். கலிஃபோர்னியாவில் நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பது மணி தாண்டினால் ஒன்றரை மடங்கு. விகிதங்கள் வேறுபட்டால் எந்த விகிதத்தில் ஒன்றரை மடங்கு என்பதை முன்பே முடிவுசெய்து சம்பள மென்பொருளில் ஏற்றிவிட வேண்டும். ஆகஸ்டில் பள்ளி திறந்த பிறகு இதைத் தொடங்கினால் அந்த ஆண்டு நடக்காது. காலியிடப் பட்டியல் தயாராகும் மார்ச், ஏப்ரல் மாதங்களிலேயே பள்ளிவாரியாக யாரிடம் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்ற பட்டியலைச் சங்கமும் மனிதவளத் துறையும் சேர்ந்து உட்கார்ந்து எடுக்க வேண்டும்.